துணி என்ன தங்கமா?

கேள்வி: நான் தேவகோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. தினமும் சேலைதான். ஆடித் தள்ளுபடியில் நாலு, தீபாவளிக்கு நாலு என்று வருஷத்துக்கு எட்டு சேலை வாங்குவேன். ஒன்று சராசரியாக 550 ரூபாய். மூன்றே மாதத்தில் உருண்டை உருண்டையாக ரோமம் கட்டிப் பழசாகிவிடுகிறது. என்னோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சர் கண்டாங்கி என்கிற காரைக்குடிப் பருத்திச் சேலை மட்டும்தான் கட்டுவார். அவரைப் பார்த்து நானும் காரைக்குடியில் ஒன்று 1,650 ரூபாய்க்கு வாங்கினேன். "ஒரு சேலைக் காசில் மூணு வாங்கியிருக்கலாமே" என்றார் கணவர். நல்ல துணி ஒரு முதலீடு என்று கடையில் சொன்னதை அப்படியே சொன்னேன். "துணி என்ன தங்கமா, விலை ஏற?" என்று கேட்டுவிட்டார். யார் சொல்வது சரி? தை மாதம் நாத்தனார் மகள் கல்யாணம். 38,000 ரூபாயில் ஒரு பட்டு பார்த்து வைத்திருக்கிறேன். அதையாவது முதலீடு என்று சொல்லலாமா? அப்புறம், அந்தக் கண்டாங்கி முதல் அலசலிலேயே வாளித் தண்ணீரைச் சிவப்பாக்கிவிட்டது. நான் ஏமாந்துவிட்டேனா?

பதில்:

டீச்சர், முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்காரர் சொன்னதுதான் சரி. துணி தங்கம் இல்லை. வாங்கி ஒரு தடவை உடுத்தியதுமே அதன் விலை பாதிக்குக் கீழே போய்விடும். "முதலீடு" என்பது கல்லாவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் கண்டுபிடித்த வார்த்தை. சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்பம் படித்துவிட்டு 26 வருஷம் துணியின் தரம் பார்த்தே சம்பளம் வாங்கியவன் நான். என் பீரோவில் இருக்கும் எதுவும் இதுவரை எனக்கு வட்டி கொடுத்ததில்லை.

ஆனாலும் அந்தக் கண்டாங்கி வாங்கியது தப்பில்லை. அது ஏன் என்று சொல்லும் முன், கூட்டிக் கழித்துப் பார்த்துவிடுவோம். கணக்கு நமக்குச் சாதகமாக வரும் என்று நினைத்துவிடாதீர்கள்.

பள்ளிக்கூடம் வருஷத்துக்கு 210 நாள் என்று வைத்துக்கொள்கிறேன். எட்டு சேலையை மாற்றி மாற்றிக் கட்டினால் ஒவ்வொன்றும் 26 தடவை உடம்பில் ஏறும். 550 ரூபாயை 26-ஆல் வகுத்தால் ஒரு தடவைக்கு 21 ரூபாய். கண்டாங்கியையும் அதே போல வருஷத்துக்கு 26 தடவை கட்டினால் முதல் வருஷம் தடவைக்கு 63 ரூபாய், இரண்டாம் வருஷ முடிவில் 32, மூன்றாம் வருஷ முடிவில்தான் 21. மூன்று மடங்கு விலை, அதனால் மூன்று வருஷம் உழைத்தால் சமம். இதோடு நிறுத்திக்கொண்டு "பார்த்தீர்களா, நாலாம் வருஷத்திலிருந்து லாபம்" என்று சொல்பவர்கள் இஸ்திரிக் கூலியை மறந்துவிடுகிறார்கள். பருத்திச் சேலை தேய்க்காமல் கட்ட முடியாது. இரண்டு தடவைக்கு ஒரு முறை 15 ரூபாய் கொடுத்துத் தேய்த்தால் வருஷத்துக்கு 195 ரூபாய். அதையும் சேர்த்தால் கண்டாங்கி சமநிலைக்கு வர நாலரை வருஷத்துக்கு மேல் ஆகும். வீட்டில் நீங்களே தேய்த்தால் கொஞ்சம் முன்னால் வரும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிற உங்கள் நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது?

ஆக, காசு மிச்சமாகும் என்று சொல்லி உங்களுக்குக் கண்டாங்கி விற்க மாட்டேன். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஐந்து வருஷம் தாராளமாக வரும். அதற்கப்புறம் மிஞ்சுவது மிச்சம். பெரிய தொகை இல்லை.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் 550 ரூபாய் சேலை பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்ததாகத்தான் இருக்கும், அது கிழிந்து போவதில்லை. பாலியஸ்டர் நூலின் பலத்துக்குப் பருத்தி கிட்ட நிற்க முடியாது. அந்த ரோம உருண்டைகூட பலத்தால் வரும் வினைதான். துணி உரசும்போது குட்டையான இழைகளின் நுனி மேலே எழுந்து சுருண்டுகொள்ளும். சுத்தப் பருத்தியாக இருந்தால் அந்த உருண்டை பெரும்பாலும் இற்று உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் கலந்திருந்தால் அதன் பலமான இழை உருண்டையை விடாமல் பிடித்துக்கொள்ளும். முந்தியிலும் தோள்பை உரசும் இடுப்பிலும் முதலில் வருகிறதா என்று பாருங்கள். துணி சாகாது, பார்க்கத்தான் சகிக்காது.

பிறகு கண்டாங்கி எதற்கு? உடம்புக்கு. பருத்தி, சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் தன் எடையில் 8.5 சதவீதம் அளவுக்கு ஈரத்தைத் தனக்குள் வாங்கி வைத்திருக்கும். பாலியஸ்டர் வாங்குவது 0.4 சதவீதம். சித்திரை வெயிலில், ஓட்டுக் கட்டடமோ தகரக் கொட்டகையோ, ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்கு நடந்து, நின்றே பாடம் நடத்துகிற உங்களுக்கு இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் தூரம் மத்தியானம் மூன்றாவது பீரியடில் தெரியும். இதை ரூபாயாக்கி உங்கள் கணவரிடம் காட்ட எனக்கு வழி தெரியவில்லை. அவரை ஒரு நாள் முழுக்க பாலியஸ்டர் வேட்டியில் இருக்கச் சொல்லிப் பாருங்கள்.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்து நகரத்தார் வீட்டு ஆச்சிமாருக்கு இந்த எண்கள் தெரியாது, விஷயம் தெரியும். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ பழைய வீடுகளுக்குள் போயிருப்பீர்கள். பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று கப்பலில் வந்த சாமான்களாக நிறைந்திருக்கும். அந்த வீட்டு ஆச்சி அன்றாடம் கட்டியது மட்டும் காரைக்குடித் தறியில் நெய்த பருத்திக் கண்டாங்கி. தடித்த நூல், செங்கல் சிவப்பு, கடுகு மஞ்சள், காப்பி நிறம், கட்டமோ கோடோ, சேலையின் பெரும்பகுதியையே பிடித்துக்கொள்ளும் அகலக் கரை. பின்கொசுவம் வைத்து, கணுக்கால் தெரிய, உள்பாவாடையே இல்லாமல் கட்டினார்கள். வற்றல் காயப்போட்டு, மாவு இடித்து, வளவு என்கிற உள்முற்றத்துக்கும் அடுப்படிக்கும் நூறு தடவை நடக்கிற உடம்புக்கு அந்தக் கனம் வேண்டியிருந்தது. பட்டு பெட்டகத்தில் தூங்கியது. எந்தத் துணி அதிக நாள் உடம்பில் இருக்கிறதோ அதற்குக் காசும் கவனமும் போட்டார்கள்.

நாம் இன்றைக்கு அதைத் தலைகீழாகச் செய்கிறோம். 210 நாள் கட்டுவதற்கு 550 ரூபாய், நாலு நாள் கட்டுவதற்கு 38,000 ரூபாய்.

பட்டுக்கு வருகிறேன். அதற்கு முன், இதையெல்லாம் விட அவசரமான ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்கவே இல்லை, அதனால் நானாகச் சொல்கிறேன். முதலில் உள்பாவாடையை மாற்றுங்கள். சிரிக்காதீர்கள். எட்டு சேலைக்கும் அடியில் இருப்பது பெரும்பாலும் இரண்டோ மூன்றோ உள்பாவாடைதான். உங்களிடம் இருக்கும் துணியிலேயே அதிக நாள் உடம்பில் ஒட்டிக் கிடப்பது அது. கடையில் பார்க்கும்போது மொடமொடவென்று நிற்கும், அதெல்லாம் கஞ்சி. ஒரு அலசலில் கஞ்சி போனதும் கொசுவலை மாதிரி ஆகிவிடும். நாடா கோர்க்கிற இடம் முதலில் பிய்யும். நல்ல பாப்ளின் துணி எடுத்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்து, அப்புறம் தைக்கக் கொடுங்கள். ரெடிமேடை விட நூறு, நூற்றைம்பது கூடும். மூன்று வருஷத்துக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

அடுத்தது ஜாக்கெட். கடையில் "டூ பை டூ" என்று கேட்டு வாங்குகிறோம், என்னவென்று யோசிப்பதில்லை. பாவிலும் (நீளவாக்கு நூல்) ஊடையிலும் (குறுக்கு நூல்) இரண்டிரண்டு நூலை முறுக்கி ஒன்றாக்கி நெய்தது என்று அர்த்தம். ஒற்றை நூல் துணியைவிட உழைக்கும், சுருக்கமும் குறையும். ஆனால் ஜாக்கெட் கெடுவது துணியால் இல்லை, தையலால். லைனிங் துணியை நனைக்காமல் தைத்தால் இரண்டாவது அலசலில் லைனிங் மட்டும் சுருங்கி மேல்துணியைப் பிடித்து இழுக்கும், முதுகில் கோணல் விழும். சேலைக்கு அடிக்கிற ஃபால்ஸ் கதையும் இதேதான். நனைக்காமல் அடித்தால் கரை முழுக்க அலையலையாக நிற்கும். நல்ல சேலையைப் பத்து ரூபாய் சோம்பலால் கெடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டெய்லரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். பக்கத்தில் பிரித்துவிட ஒரு இஞ்ச் துணி உள்ளே இருக்க வேண்டும், தையல் இஞ்சுக்குப் பத்துக்குக் குறையக் கூடாது. உடம்பு கொஞ்சம் போடும், கொஞ்சம் இளைக்கும். அந்த ஒரு இஞ்ச் இருந்தால் ஜாக்கெட் நம்மோடு வரும்.

விலை கூடினால் தரம் கூடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. எனக்கே ஒரு அனுபவம். மதுரையில் ஒரு பெரிய கடையில் 3,200 ரூபாய் கொடுத்து லினன் சட்டை ஒன்று வாங்கினேன். துணி அருமை. முதல் அலசலில் அக்குள் தையல் வாயைத் திறந்துவிட்டது. உள்ளே திருப்பிப் பார்த்தால் தையலுக்கு வெளியே கால் இஞ்ச்கூட விடவில்லை. லினன் மாதிரி நெகிழ்வாக நெய்த துணியில் அப்படித் தைத்தால் நூல் நழுவத்தான் செய்யும். துணி பரிசோதிப்பதே தொழிலாக இருந்தவன், கடை வெளிச்சத்தில் மயங்கி, சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எந்தக் கடையிலும் உடையை முதலில் உள்பக்கம் திருப்பித்தான் பார்க்கிறேன். சில விற்பனைப் பையன்கள் முறைக்கிறார்கள், பரவாயில்லை.

இந்த இடத்தில் உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. "999-க்கு மூணு சட்டை" என்று தொங்குவதில் காலரைத்தான் பார்க்க வேண்டும். உள்ளே ஒட்டியிருக்கும் விறைப்புத் துணியின் பசை மட்டமாக இருந்தால் பத்து அலசலில் காலரில் குமிழ் குமிழாக எழும்பும். அப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் படியாது. அதே காசுக்கு மூன்றுக்குப் பதில் நல்ல சட்டையாக ஒன்று வாங்கச் சொல்லுங்கள், அவருக்குப் புரியும்.

நல்ல பருத்திச் சேலையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். ஒரு மடிப்பைப் பிரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நெசவு ஒரே சீராகத் தெரிய வேண்டும், திட்டுத் திட்டாக அடர்த்தியும் இடைவெளியும் தெரிந்தால் வைத்துவிடுங்கள். ஒரு மூலையை இரண்டு கட்டைவிரலாலும் நன்றாகத் தேயுங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தால் நீங்கள் கஞ்சிக்கும் சேர்த்து விலை கொடுக்கிறீர்கள். கைக்குட்டையை லேசாக நனைத்துக் கரையில் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள், எவ்வளவு சாயம் ஏறுகிறது என்று தெரிந்துவிடும். கடைக்காரர் "80-ஆம் நம்பர் நூல், 100-ஆம் நம்பர் நூல்" என்று சொன்னால் மயங்க வேண்டாம். 840 கெஜ நீளம் ஒரு சிட்டம் என்று கணக்கு. ஒரு பவுண்டு எடைக்கு இப்படி 40 சிட்டம் வந்தால் 40-ஆம் நம்பர், 100 வந்தால் 100-ஆம் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும், அவ்வளவுதான் அதன் பொருள். மென்மையும் வழவழப்பும் கூடும். தினசரி உழைப்புக்கு 40-உம் 60-உம் போதும். பழைய கண்டாங்கி தடித்த நூல், இப்போது மெல்லிய நூலிலும் நெய்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது பிடிக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு நான் தடித்த நூலையே சொல்வேன்.

பருத்திதானா, கலப்படமா என்ற சந்தேகம் வந்தால் முந்தியின் குஞ்சத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகத் திரளும். பட்டு, முடி கருகுகிற வாடை அடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். இந்தச் சோதனை செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்புக்குத் திருக்கார்த்திகையில் தொடங்கி, புது வேட்டியிலிருந்து நாளுக்கு ஒன்றாக 21 நாள் இழை எடுத்துச் சேர்த்து, அதைத் திரியாக்கி மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். பாலியஸ்டர் கலந்த வேட்டியில் இழை எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் நோன்புக்கு வேட்டி எடுக்க வரும்போது கடையில் வேறு எதுவும் பேச மாட்டார். "திரி எரியுமாப்பா?" என்று மட்டும் கேட்பார்.

கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் கடையில் கண்டாங்கி என்ற பெயரில் தொங்குவதெல்லாம் காரைக்குடித் தறியில் நெய்தது என்று ஆகிவிடாது. விசைத்தறியில் அதே கட்டம், அதே நிறம் போட்டு வருகிறது. விசைத்தறிச் சேலை கெட்டது என்று சொல்லவில்லை, கைத்தறி விலைக்கு அதை வாங்கக் கூடாது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் நேராக வாங்குங்கள், இல்லையென்றால் கைத்தறி முத்திரைச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். கோ-ஆப்டெக்ஸில் தீபாவளி சமயத்தில் வழக்கமாக 30 சதவீதம் தள்ளுபடி தருவார்கள். தள்ளுபடிக்காகவே காத்திருந்து வாங்கத் தகுந்த இடம் அது ஒன்றுதான் என்பது என் சொந்த அபிப்பிராயம். வாங்கும்போது நீளத்தையும் கேளுங்கள். பழைய கண்டாங்கி அளவு ஐந்தரை மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். ஜாக்கெட் துண்டு சேர்ந்ததா இல்லையா என்று பார்க்காமல் வாங்கிவிட்டு, வீட்டில் வந்து முந்தி பத்தவில்லை என்பார்கள்.

இனி பட்டு. 38,000 ரூபாய்ச் சேலையை வருஷத்துக்கு நாலு கல்யாணத்துக்குக் கட்டுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். நிஜத்தில் கட்ட மாட்டீர்கள். அதே சொந்தக்காரர்கள், அதே போட்டோ. "போன கல்யாணத்துக்கும் இதானே?" என்று யாராவது ஒருத்தர் கேட்பார். ஆனாலும் பத்து வருஷத்தில் 40 தடவை என்று கொள்வோம். தடவைக்கு 950 ரூபாய். தினம் கட்டும் சேலைக்கு 63 ரூபாய் அதிகம் என்று வீட்டில் பேச்சு நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலீடா என்று கேட்டீர்கள். பழைய பட்டை எடைக்கு எடுப்பவர்கள் பட்டுக்காக எடுப்பதில்லை, சரிகையில் இருக்கும் வெள்ளிக்காக எடுக்கிறார்கள். அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றி மேலே தங்க முலாம் பூசியது. அதில் தங்கம் ஒரு சதவீதம்கூட இருக்காது. அது இல்லாமல் செம்பு இழையில் வெள்ளி பூசியது, வெறும் பளபளப்புப் பிளாஸ்டிக் என்று கீழே பல படிகள் உண்டு. கடை வெளிச்சத்தில் எல்லாம் ஒன்று போலத்தான் மின்னும். பட்டுக்கு "சில்க் மார்க்" சீட்டு 2004-லிருந்து இருக்கிறது. அது நூல் அசல் பட்டா என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம். சரிகையைப் பற்றி அந்தச் சீட்டு ஒன்றும் பேசாது. பலரும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஆகவே உங்கள் 38,000 ரூபாய்ச் சேலையில் என்ன சரிகை என்று கேளுங்கள். பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது. எழுதித் தந்தாலும் அது ஆசைக்கு வாங்குகிற சேலைதான், லாபத்துக்கு இல்லை. ஆசைக்கு வாங்குவது குற்றம் ஒன்றும் இல்லை, பெயரை மட்டும் மாற்றிச் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

என் இடத்தில் இருந்து சொல்வதென்றால், நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு 38,000 வேண்டாம். அதில் பாதிக்கும் குறைவான விலையில், சரிகை குறைவாக, உடல் முழுக்க அசல் பட்டாக நல்ல சேலை கிடைக்கும். எடை குறைவாக இருப்பதால் அதையே பள்ளி ஆண்டு விழாவுக்கும் குன்றக்குடிப் படி ஏறும்போதும் கட்டலாம். இன்னொன்று, உங்கள் அம்மாவின் முகூர்த்தப் பட்டு எங்கே இருக்கிறது? இருந்தால் எடுத்துப் பிரித்துப் பாருங்கள். மடிப்பில் வெடிப்பு இல்லையென்றால், புது ஜாக்கெட் ஒன்று தைத்து அதையே கட்டுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைக்கு வெளியூர்க்காரர்கள் வந்து என்னென்னவோ விலை கொடுத்து வாங்கிப் போகிறார்கள். நம் வீட்டுப் பழசைக் கட்ட நமக்குத்தான் கூச்சம்.

பட்டை ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் வைத்தால் சரிகை ஒடிந்து மடிப்பிலேயே பிளக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வேறு மாதிரி மடித்து, பழைய வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். அந்துருண்டை சரிகையைத் தொட வேண்டாம்.

சரி, நடைமுறைக்கு வருவோம். இப்போது வருஷத்துக்கு எட்டு சேலைக்கு 4,400 ரூபாய் செலவழிக்கிறீர்கள். அந்தத் தொகையை ஒரு ரூபாய்கூட ஏற்ற வேண்டாம். அடுத்த வருஷம் கண்டாங்கி இரண்டு, 3,300. இப்போது கட்டுகிற மாதிரி சேலை இரண்டு, 1,100. கூட்டினால் அதே 4,400. மழைக்காலத்துக்கும், தேய்க்க நேரமில்லாத திங்கட்கிழமைக்கும் அந்த இரண்டு பாலியஸ்டர் சேலை வேண்டும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஐப்பசி மழையில் நனைந்த கண்டாங்கி காய இரண்டு நாள் எடுக்கும். அதற்கடுத்த வருஷமும் இதே மாதிரி. ஏற்கெனவே வாங்கியதோடு சேர்த்து இரண்டு வருஷத்தில் ஐந்து கண்டாங்கி கையில் இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு அது போதும். கண்டாங்கி மட்டுமே கட்டும் அந்த டீச்சரும் ஒரே நாளில் அத்தனையும் வாங்கியிருக்க மாட்டார், கேட்டுப் பாருங்கள்.

கஞ்சி போட்ட சேலையை மட்டும் கோடை விடுமுறைக்கு அப்படியே மடித்து வைத்துவிடாதீர்கள். இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. அலசி, கஞ்சி இல்லாமல் வைத்துவிட்டு, பள்ளி திறக்கும்போது போட்டுக்கொள்ளலாம். சோப்புக் கட்டியைக் கரை மேல் வைத்துத் தேய்க்கவும் வேண்டாம். நம் ஊர் வெயிலில் நேராகவும் போட வேண்டாம். உள்பக்கம் வெளியே தெரியும்படித் திருப்பி, நிழலில், காற்றில் காயட்டும்.

கடைசியாக, அந்தச் சிவப்புத் தண்ணீர். ஏமாறவில்லை, பதற வேண்டாம். அடர்ந்த சிவப்பு, மெரூன், கருநீலம் எல்லாவற்றிலும் சாயம் போடும்போது நூலுக்குள் போகாமல் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சச் சாயம் முதல் இரண்டு மூன்று அலசலில் வெளியேறும். கல்லுப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். அப்படி ஆகாது. அந்த வாளியில் கசிவு கொஞ்சம் மட்டுப்படும், அவ்வளவே. சோப்பு இல்லாமல், பச்சைத் தண்ணீரில், தனியாக அலசுங்கள். ஊறவைக்காமல் உடனே பிழிந்து விரித்துவிடுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால்தான் கரைச் சிவப்பு உடலில் இறங்கித் திட்டு விழும். ஒவ்வொரு அலசலிலும் தண்ணீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் எடுத்துப் பாருங்கள், நிறம் குறைந்துகொண்டே வர வேண்டும். நாலாவது தடவையும் முதல் தடவை மாதிரியே சிவந்தால் சாயம் போட்டதில் கோளாறு. பில் இருக்கிறதல்லவா? சேலையையும் அந்தக் கிண்ணத்துத் தண்ணீரை ஒரு பாட்டிலில் ஊற்றியும் எடுத்துக்கொண்டு வாங்கிய இடத்துக்கே போங்கள். பாட்டிலைப் பார்த்தால் வாதம் பண்ண மாட்டார்கள்.